கெத்சீயாளின் நாக்கு

சோவார்த் தீவில் நாற்பது வீடுகளும் ஐந்து சபைகளும் உண்டு. மன்னருக்கு எங்களைப் பிடிக்காததால் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கக் கரையில் உள்ள வளைகுடாக் குடியேற்றத்துக்கு வந்தோம். வளைகுடாக்காரர்களுக்கு எங்களைப் பிடிக்காததால் இந்தத் தீவுக்கு வந்தோம். இங்கே எங்களுக்கே எங்களைப் பிடிக்கவில்லை. ஆனால் இதற்கு அப்பால் கடல்தான் இருக்கிறது. அதனால் ஒருவர் வழிபாட்டை ஒருவர் தொந்தரவு செய்யக்கூடாது என்று வந்த அன்றே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகு வேறெந்தச் சட்டத்துக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்ளாததால் இன்றுவரை அது ஒன்றுதான் சட்டம்.

சபைகளில், தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் முழுக்குக்காரர்கள் இரண்டு வகை. முழுக்கு முடிந்ததும் தலையில் கை வைத்து ஜெபிப்பவர்கள் ஒரு வகை. கை வைப்பது போப்பாண்டவர் வேலை என்று ஈரத் தலையோடு அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுபவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகைக்கும் இடையே பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. விதைச்சோளம் மட்டும் இரவல் உண்டு. மூன்றாவது, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் சபை. படகுக்காரர் ஒபதியாவும் அவர் மனைவியும் மட்டுமே அதில் உண்டு. சமீபகாலமாக மனைவி யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நான்காவது, தேடுபவர்கள். உண்மையான சபை இன்னும் பூமிக்கு வந்து சேரவில்லை, வந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று வீட்டிலேயே இருப்பவர்கள். நான் அதில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கவிடும் சபை அது ஒன்றுதான்.

ஐந்தாவது, நண்பர்கள் சபை. வெளியார் அவர்களைக் குவேக்கர் என்பார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு வெளிச்சம் இருக்கிறது, அது பேசச் சொன்னால் எழுந்து பேச வேண்டும், சொல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் அக்கா கெத்சீயாள் அந்தச் சபை. அவளுடைய வெளிச்சம் அவளை அதிக நேரம் உட்காரவிட்டதில்லை.

வளைகுடாவில் எபெனேசர் என்று ஓர் ஊர். அங்கே பாதிரியாரின் பிரசங்கத்துக்கு நடுவில் அக்கா எழுந்து நின்று, "நீ சொல்லுதது தப்பு" என்று சொன்னாள். சிறையில் போட்டார்கள். வெளியே வந்து மறுபடியும் சொன்னாள். மாட்டுவண்டியின் பின்னால் கட்டி, ஊர் எல்லை வரை சாட்டையால் அடித்தார்கள். அந்த முதுகுக்கு மருந்து போட்டவன் நான். அதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை பேசுகிற குவேக்கருக்கு வளைகுடாச் சட்டம் வைத்திருப்பது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பி. அதை நாக்கில் ஏற்றுவார்கள். கோடை முடிவில் அக்கா மூன்றாம் முறையும் போய்ப் பேசினாள். சிறைக்காவலரின் மனைவி சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, காணாமல் போகாத ஒரு பசுவைத் தேடப் போனதால் அக்கா நாக்கோடு திரும்பி வந்தாள்.

சோளக்கதிர் ஒடித்து முடிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், எபெனேசரின் கான்ஸ்டபிள் மனாசே ஹார்க்கர் ஒபதியாவின் படகில் வந்து இறங்கினார். சதுரமான மனிதர். முகம், தோள், காலணி, அபிப்பிராயம் எல்லாமே சதுரம். கரையில் நின்று இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, நேராக டில்லியின் சத்திரத்துக்கு நடந்தார்.

செருபாபேல் டில்லிதான் ஊர்த் தலைவர். ஒரு சபைக்காரர் வீட்டில் இன்னொரு சபைக்காரர் கால் வைக்க மாட்டார் என்பதால் ஊர்க்கூட்டம் சத்திரத்தில்தான் நடக்கும். கூட்டம் அங்கே நடப்பதால் சத்திரக்காரரே தலைவர்.

"இந்த ஊருக்கு யாருங்க பொறுப்பு?" என்றார் ஹார்க்கர்.

"பொறுப்புன்னா எதுக்கு?" என்று டில்லி குவளையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மட்டி சூப்பு நல்லா இருந்தா நான் பொறுப்பு. நல்லா இல்லன்னா என் பொண்டாட்டி."

"கெத்சீயாள் பெல்ச்சர்ங்கற பெண்ணைக் கொண்டுபோக உத்தரவோட வந்திருக்கேன். ஒப்படைச்சிடுங்க. தடுத்தீங்கன்னா இன்னொரு தடவை வருவேன். அப்ப தனியா வரமாட்டேன், முப்பது துப்பாக்கியோட வருவேன்."

சோவாரில் மொத்தம் ஒன்பது துப்பாக்கிகள். அவற்றில் எவை சுடும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டில்லி குவளையைக் கீழே வைத்தார்.

"பாரும் வே. நான் தடுக்கவும் மாட்டேன், பிடிச்சுத் தரவும் மாட்டேன். அவ மனசாட்சி அவளுக்கு, ஒம்ம மனசாட்சி ஒமக்கு."

மூலையில் ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்த எல்கானா ரேம்ஸ் கையைத் தூக்கினார். கை வைக்கும் முழுக்குக்காரர்களின் மூப்பர் அவர். "கூட்டிட்டுப் போவும் வே, புண்ணியமாப் போவும். போன வாரம் என் மவளுக்கு முழுக்கு நடக்கு. இவ கரையில நின்னுக்கிட்டு, 'எல்கானா, துணி மட்டும்தான் நனையுது'ன்னு கத்துதா. ஊரே சிரிச்சுட்டு. ஊர்க்கூட்டத்துல சட்டம் பேசலாம்னா, மத்த சபைக்காரன் எவன் எனக்காவக் கையத் தூக்குவான்?"

"மூப்பரே," என்றேன், "அங்க கொண்டு போனா நாக்குல கம்பி ஏத்துவாவ."

ரேம்ஸ் குவளைக்குள் பார்த்தார். "அது கொஞ்சம் கூடுதல்தான்," என்றார். அந்த அறையில் அக்காவுக்காகப் பேச யாரும் எழவில்லை. அக்கா எல்லாரிடமும் ஏதாவது சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. மட்டிக் கூடையோடு அக்காவே உள்ளே வந்தாள்.

"என்னையத் தேடுதியாமே? நான்தான் கெத்சீயாள். ஒன் பேரு என்ன?"

ஹார்க்கரின் முகம் சிவந்தது. "என்னையா 'நீ'ங்கற? நான் கான்ஸ்டபிள் மனாசே ஹார்க்கர்!"

"கான்ஸ்டபிள்னாலும் ஒரு ஆளுதானே? ரெண்டு ஆளா இருந்தா 'நீங்க'ன்னு சொல்லலாம். கூட யாரும் வந்திருக்காவளா?"

நண்பர்கள் சபையில் ஆளுநரும் 'நீ'தான், ஆட்டுக்காரனும் 'நீ'தான். வளைகுடாவில் இந்த ஒரு வார்த்தைக்காகவே சிறைக்குப் போனவர்கள் உண்டு. ஹார்க்கர் அக்காவின் கையைப் பிடிக்கப் போனார். பிடிக்கத் தேவையே இல்லாமல் அவள் முன்னால் நடந்தாள். இருவரும் படகுத்துறைக்குப் போனார்கள். நான் பின்னால் ஓடினேன். என் பின்னால் சத்திரம் முழுவதும் வந்தது.

துறையில் ஒபதியா படகின் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"படகை எடுங்க. உடனே கிளம்பணும்," என்றார் ஹார்க்கர்.

ஒபதியா மேற்கே கை காட்டினார். சூரியன் ஓக் மரங்களுக்குக் கீழே இறங்கியிருந்தது. "முடியாது வே. என் ஓய்வுநாளு ஆரம்பிச்சாச்சு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை!"

"நாளைக்கு ஏழாம் நாளு. சாயங்காலத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும்னு வேதத்துல போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமைன்னு எங்க போட்டிருக்கு? காட்டும், இப்பவே பாயை விரிக்கேன்."

ஹார்க்கர் வாயைத் திறந்தார். இதற்குப் பதில் அவருக்குத் தெரியும். ஊர்ப் பாதிரியார் அதைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கித்திருப்பார். ஆனால் ஒபதியா இந்த ஒரு விவாதத்தைத் தவிர வாழ்க்கையில் வேறெதற்கும் தயார் செய்துகொண்டதில்லை. ஹார்க்கர் பவுலைச் சொன்னார், ஒபதியா மோசேயைச் சொன்னார். பிறகு ஹார்க்கர் இரட்டைக் கூலி என்றார்.

"பத்துக் கட்டளையில கூலியப் பத்தி ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு ஒபதியா வீட்டுக்குப் போனார்.

மற்றதெல்லாம் மட்டி பொறுக்கும் சின்னத் தோணிகள். தீவுக்கும் கரைக்கும் நடுவே அலையடிக்கும் கால்வாயைத் தாண்ட அந்த ஒரு படகுதான், அந்தப் பாயைப் பிடிக்க அந்த ஒரு மனிதர்தான். ஹார்க்கரோ உள்நாட்டுக்காரர், கடல் பக்கம் திரும்பினாலே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிறை எங்க இருக்கு?" என்று டில்லியிடம் கேட்டார்.

"இல்லயே."

"அப்ப குத்தவாளிகளை என்ன பண்ணுவீங்க?"

"பேசுவோம்."

"நான் எங்கயும் ஓட மாட்டேன் மனாசே," என்றாள் அக்கா. "மேட்டு வீட்டுல இருக்கேன். பொறப்படயில ஒரு சத்தம் குடு."

வீட்டுக்கு வந்ததும் நான் கெஞ்சத் தொடங்கினேன். வடக்கே சதுப்புக்காடு இருக்கிறது. அங்கே வலை கட்டும் நராகன்செட் பழங்குடிக் குடும்பங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. ஹார்க்கர் அலுத்துப் போகும் வரை அங்கே இருக்கலாம்.

"ஒளிஞ்சா, அவன் சொல்லுதது சரின்னு ஆயிரும்லா?"

"நாக்கு போயிரும்க்கா."

அவள் சோளமாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. "பயமாத்தான் இருக்குல நாகூம்," என்றாள். "பயமா இல்லன்னு ஒங்கிட்ட சொன்னனா?" பிறகு கரண்டி மறுபடியும் சுற்றத் தொடங்கியது. "கூழு அடிபிடிக்கி. தட்டை எடு."

சனிக்கிழமை முழுவதும் ஹார்க்கர் சத்திர வாசலில் உட்கார்ந்து ஒபதியாவின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒபதியா தன் வாசலில் உட்கார்ந்து வேதம் வாசித்தார். இடையிடையே தலையைத் தூக்கி, ஹார்க்கருக்குக் கேட்கும்படி ஒரு வசனத்தைச் சற்றுச் சத்தமாக வாசித்தார்.

சாயங்காலம் சூரியன் மறைந்ததும் ஒபதியா வேதத்தை மூடிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு துறைக்கு வந்தார். பாயை விரித்தார். நல்ல காற்று. அக்கா மூட்டையோடு வந்து படகில் ஏறி உட்கார்ந்தாள். நான் அவளை இறங்கச் சொன்னேன். அவள் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டாள்.

"வா மனாசே," என்றாள். "காத்து இருக்கும்போதே போயிரலாம்."

ஹார்க்கர் துறையின் விளிம்பில் நின்றார். ஒரு கால் முன்னால் வந்தது. நின்றது. பின்னால் போனது.

வளைகுடாவில் ஓய்வுநாள் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அது சனிக்கிழமை சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். அதன்பின் பயணம் கூடாது, வேலை கூடாது, கைது கூடாது. ஓய்வுநாளில் பயணம் போனவர்களைப் பிடித்து நிறுத்துவதுதான் எபெனேசரில் ஹார்க்கரின் முக்கிய வேலையே.

"என்ன வே, ஏறும்," என்றார் ஒபதியா. அவர் முகத்தில் அவ்வளவு பரிவை நான் பார்த்ததில்லை. "நேத்து அவ்வளவு அவசரப்பட்டீரு?"

"என் ஓய்வுநாள் ஆரம்பிச்சிடுச்சு," என்றார் ஹார்க்கர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்குக் கிழமை எல்லாம் ஒண்ணுதான்," என்றாள் அக்கா. "கடவுளு ஒரு நாளு விடாம எல்லாத்தையும்தான் உண்டாக்கினாரு. நான் தயாரு, ஒபதியா தயாரு, படகு தயாரு. ஒன்னயத்தான் ஆரு பிடிச்சு வச்சிருக்கா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரேம்ஸ் என்று நினைக்கிறேன். அக்கா மூட்டையோடு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் மெலிதாகப் பாடிக்கொண்டே போனாள். நண்பர்கள் சபையில் பாட்டு கிடையாது. ஆனால் அன்றைக்கு வெளிச்சம் அனுமதித்திருக்கும்.

எனக்குத்தான் பாட்டு வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் சூரியன் மறைந்தால் ஒபதியாவின் நாளும் முடிந்திருக்கும், ஹார்க்கரின் நாளும் முடிந்திருக்கும். அப்போது அவர்களை நிறுத்த எந்தக் கிழமையும் மிச்சம் இல்லை.

ஞாயிறு காலையில் ஹார்க்கருக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஓய்வுநாளில் பொது வழிபாட்டுக்குப் போகாதிருப்பது எபெனேசரில் குற்றம். சோவாரில் வழிபாடு கிடைக்காத இடமே இல்லை. ஆனால் எதில் கால் வைத்தாலும் அவர் கணக்கில் நரகம். டில்லி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ரேம்ஸின் கூட்டம்? மதத் துரோகிகள். கை வைக்காதவர்கள்? அதே துரோகிகள், மரியாதையும் தெரியாதவர்கள். நண்பர்கள்? ஹார்க்கர் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"அப்ப ஒரு காரியம் செய்யும்," என்றார் டில்லி. "பின்னால ஆப்பிள் கொட்டகை இருக்கு. ஒம்ம இஷ்டத்துக்கு ஒம்ம சபைய அங்க நடத்தும். எவனும் ஒம்மத் தொந்தரவு பண்ண மாட்டான். எங்க ஒரே சட்டம் அதுதான்."

இப்படியாக மனாசே ஹார்க்கர் சோவாரின் ஆறாவது சபையானார். மூப்பர், பாடகர், உறுப்பினர், தூங்குபவரை எழுப்பும் கோல்காரர், எல்லாம் அவரே. கொட்டகைக்குள்ளிருந்து சங்கீதம் கேட்டது. அவருக்குக் குரல் இல்லை. ஆனால் மனம் இருந்தது.

நான் மேட்டு வீட்டுக்கு ஓடினேன். "யக்கா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் சும்மா இரு. ஒம் சபைக்குப் போ, உக்காரு, எந்திரிச்சு வா. கொட்டகைப் பக்கம் போயிராத. கோவத்துல கட்டி இழுத்துட்டுப் போயிருவான்."

"என்ன கொட்டகை?" என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹார்க்கர் ஒரு பீப்பாயின் மேல் வேதத்தை விரித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவின் மேலாடையைப் பிடித்தேன். மேலாடை என் கையில் நின்றது. அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"மனாசே, நீ நல்லாத்தான் வாசிக்க. ஆனா வாசிக்கையில நீ அங்க இல்ல. கம்பிய நெனச்சுக்கிட்டுதானே வாசிக்க? ஒனக்கே அது பிடிக்கல."

ஹார்க்கர் வேதத்தை மூடிய சத்தத்தில் ஆப்பிள்கள் உருண்டன.

"வெளியே போ! கடவுளோட நாள்ல, கடவுளோட வார்த்தையை வாசிக்கும்போது! இந்த ஊர்ல சட்டமே இல்லையா?"

ரேம்ஸின் கூட்டம் அப்போதுதான் கலைந்து வந்துகொண்டிருந்தது. டில்லியும் கதவுக்கு வந்துவிட்டார். சட்டம் இல்லை என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "ஏன் இல்லாம? இப்பதானே வே சொன்னேன். அடுத்தவன் வழிபாட்டுல குறுக்க வந்தா ஊருக்குப் பதில் சொல்லணும். போப்பாண்டவரே வந்தாலும் சொல்லணும்."

எனக்குள் வெளிச்சம் உண்டா இல்லையா என்று நான் இதுவரை தேடிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஏதோ ஒன்று பளிச்சிட்டது.

அன்று மாலை ஹார்க்கர் சத்திர வாசலில் உட்கார்ந்து சூரியனை முறைத்துக்கொண்டிருந்தார். துறையில் ஒபதியா பாயைத் தயார் செய்துகொண்டிருந்தார். நான் போய் ஹார்க்கர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா செஞ்சது தப்புதான் ஐயா," என்றேன். "ஆனா விட்டுரும். நேராப் படகுல ஏறிப் போயிரும். எபெனேசர்லதான் தண்டிக்கப் போறாவளே."

"எபெனேசர்ல செஞ்சதுக்கு எபெனேசர்ல தண்டனை. இது என் வழிபாட்டுல செஞ்சது. கண்ணெதிர்ல ஓய்வுநாளைக் கெடுத்தவளைக் கேக்காம விட்டா, நான் என்ன கான்ஸ்டபிள்?"

"கேக்கணும்னா இங்க உள்ள கோர்ட்டுலதான் கேக்கணும். ஒமக்கு எங்க கோர்ட்டு மேலல்லாம் நம்பிக்கை இருக்காது. வேண்டாம்."

"ஓய்வுநாளைக் காப்பாத்தற எந்தக் கோர்ட்டும் கோர்ட்டுதான்."

"பொறவு வருத்தப்படக் கூடாது."

"தம்பி, நான் இதுவரைக்கும் ஒரு குத்தத்தையும் பார்த்துட்டுச் சும்மா போனதில்லை."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். சூரியன் மரங்களுக்குக் கீழே போனது. ஒபதியா துறையிலிருந்து, "என்ன வே, போலாமா?" என்று கத்தினார். ஹார்க்கர் கையை உயர்த்திக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எழுந்து, சத்திரத்துக்குள் போனார். படகுக்குப் போகவில்லை. நான் மூச்சு விட்டேன்.

உள்ளே ஊர் முழுவதும் இருந்தது. டில்லி மேசைக்குப் பின்னால் போய் நின்றார். ஏப்ரனைக் கழற்றியதும் அவர் நீதிபதி.

"வலது கையைத் தூக்கும். சோவார்க் கோர்ட்டுக்கு முன்னால, சோவார்ச் சட்டப்படி, சோவார்க்காரி கெத்சீயாள் மேல நீரு குடுக்கிற புகார் உண்மைன்னு கடவுள் பேரால சத்தியம் பண்ணுதீரா?"

"பண்றேன்," என்றார் ஹார்க்கர், கூரை அதிரும்படி.

"கெத்சீயா, நீ என்ன சொல்லுத?"

"செஞ்சேன். உள்ள சொல்லிச்சு, நான் சொன்னேன். நாளைக்கும் சொல்லிச்சுன்னா சொல்லுவேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். என் பேச்சே உண்மைதான்."

"குத்தம்னு நெனைக்கவுக கையத் தூக்குங்க."

சோவாரின் வரலாற்றில் அந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு எதற்கும் எல்லாக் கைகளும் சேர்ந்து உயர்ந்ததில்லை. கை வைப்பவர்கள் தூக்கினார்கள். கை வைக்காதவர்கள், பக்கத்தில் யார் தூக்குகிறார்கள் என்று பாராமல் தூக்கினார்கள். ரேம்ஸ் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைக் கீழே போடச் சொன்னார்கள். நண்பர்கள் சபையில் இரண்டு பேர் மெதுவாகத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"சாட்டை," என்றார் ஹார்க்கர்.

"இங்க சாட்டை கெடையாது வே. மாட்டுக்கே கெடையாது." டில்லி மோவாயைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே அவரிடம் பேசியிருந்தேன். "தீர்ப்பு சொல்லுதேன். அடுத்த வசந்தத்துல ஓடையில மீனு ஏறுத வரைக்கும் கெத்சீயா இந்தத் தீவை விட்டு வெளிய போகக் கூடாது. தம்பி நாகூம் பிணை."

ஹார்க்கர் தலையை ஆட்டினார். கொஞ்சம் இலகுவான தண்டனைதான், ஆனால் தண்டனை. திருப்தியோடு தொப்பியை எடுத்தார். "சரி. வா, படகுக்கு."

"எங்க?" என்றார் டில்லி.

"எபெனேசருக்கு."

"தீவை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு இப்பதானே தீர்ப்பாச்சு. ஒம்ம புகாருக்குத்தான் வே தீர்ப்பு."

ஹார்க்கரின் சதுர முகத்தில் ஒரு மூலை மெல்லக் கீழே இறங்கியது.

"இது சூழ்ச்சி. வளைகுடாவோட உத்தரவு முன்னால இது என்ன கோர்ட்டு? இது ஒரு சாராயக் கடை! முப்பது துப்பாக்கியோட வருவேன்."

"வாரும்," என்றேன். "ஆனா அங்க போயி என்ன சொல்லுவீரு? சோவார்ல கோர்ட்டே இல்லன்னா? இல்லாத கோர்ட்டுல கடவுள் பேரால கையைத் தூக்கி சத்தியம் பண்ணினீரா? அது பொய்ச் சத்தியம்லா. கோர்ட்டு உண்டுன்னா தீர்ப்பும் உண்டு. ரெண்டுல எதுன்னு நீரே சொல்லும்."

வேறு ஒருவராக இருந்தால் பொய் சொல்லியிருப்பார். கையை உதறி அக்காவை இழுத்துக்கொண்டு போயிருப்பார். ஊருக்குப் போய், அவள் செத்துப்போனாள் என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் மனாசே ஹார்க்கர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு சத்தியம் என்றால் சத்தியம்; அதற்காகத்தான் அவருடைய அப்பா கடல் தாண்டி வந்திருப்பார், எங்கள் அப்பா வந்ததைப் போலவே. தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உண்டு," என்றார், கேட்டும் கேளாத குரலில். "கோர்ட்டு உண்டு."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் வெற்றி என்று நினைத்தேன். அப்போது அக்கா எழுந்தாள்.

"ஏல நாகூம், எங்கிட்ட ஆராவது கேட்டியளா? செருபாபேல், ஒன் தீர்ப்பு ஒனக்கு. எபெனேசருக்குப் போன்னு உள்ள சொல்லிச்சுன்னா, இன்னிக்கே இவங்கூடப் படகுல போவேன். மனுசன் போட்ட தீர்ப்பு என்னையக் கட்டாது."

அதுவும் உண்மைதான். அவளைத் தடுக்க எங்களுக்குச் சட்டம் இல்லை. அதற்காகத்தானே இந்தத் தீவுக்கே வந்தோம். கம்பியும் நெருப்பும் அங்கே இருந்தன, என் அக்கா இங்கே இருந்தாள், நடுவில் அவளுடைய ஒரு சொல்தான் இருந்தது.

"இப்ப... உள்ள சொல்லுதாக்கா?" என்று கேட்டேன்.

"இரு. கேக்கணும்."

உட்கார்ந்து கண்ணை மூடினாள். நண்பர்கள் இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். கை வைப்பவர், வைக்காதவர், தேடுபவர், வாசலில் படகுக் கயிற்றோடு ஒபதியா, பெஞ்சில் ஹார்க்கர், எல்லாரும் ஒரே அறையில் ஒரே அமைதியில் உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் முழு ஊரும் குவேக்கராகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ரேம்ஸின் உதடுகள் அசைந்தன. அவர் எதற்காக ஜெபித்தார் என்று காதில் விழவில்லை. அவள் போகக்கூடாது என்றுதான் ஜெபித்தார் என்று நினைக்கிறேன். கண்கள் அப்படித்தான் இருந்தன.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"போக வேண்டாமாம்," என்றாள்.

நான் சுவரில் சாய்ந்தேன். டில்லி மேசையைத் தட்டினார். ரேம்ஸ், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"எபெனேசர்ல ஒருத்தன்தான் தப்பாப் பிரசங்கம் பண்ணுதான்," என்று அக்கா தொடர்ந்தாள். "அவன் மெதுவாத் திருந்தட்டும். இங்க அஞ்சு சபை இருக்கு. ஒண்ணும் உருப்படியா இல்ல. மீனு ஏறுததுக்குள்ள அத்தனையும் ஒண்ணு விடாமப் போயிச் சொல்லணுமாம். எல்கானா, ஒங்கிட்ட இருந்து ஆரம்பிக்கேன். செவ்வாக்கிழமைக் கூட்டம் எத்தன மணிக்கு?"

ரேம்ஸின் ஸ்தோத்திரம் பாதியில் நின்றது. அவர் டில்லியிடம் திரும்பினார்.

"தலைவரே, தீர்ப்பை மறுபடியும் பரிசீலிக்கலாமா?"

"ஏகமனதாப் போட்ட தீர்ப்பு வே," என்றார் டில்லி. "நீரு ரெண்டு கையத் தூக்கினீரு."

ஹார்க்கர் எழுந்து தொப்பியைத் தலையில் வைத்தார். வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். தீவில் இறங்கியதிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.